ஒரு வாக்காளர், மூன்று அரசாங்கங்கள்: எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து வாக்காளருக்கு மொத்தம் ஆறு ஓட்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நாளில் ஒரே சாவடியில் நான்கு: வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். நகரத்தில் இருப்பவருக்கு மூன்றுதான்: எம்.பி., எம்.எல்.ஏ., வார்டு கவுன்சிலர்.

இத்தனை பேரைத் தேர்ந்தெடுத்த பிறகும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் பலரும் முதலில் தேடிப் போவது எம்.எல்.ஏ.வைத்தான். ரேஷன் அட்டைக்கு எம்.பி. அலுவலகத்தில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டா மாற்றம் ஏன் தாமதம் என்று ஊராட்சித் தலைவரோடு சண்டை போடுபவர்களும் உண்டு. முழு நியாயம் இருக்கும் கோரிக்கைகள்கூடத் தவறான மேசைக்குப் போய் அங்கேயே கிடந்துவிடுகின்றன. மனு கொடுத்தவருக்குக் கடைசியில் அரசாங்கத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. இதைத் தவிர்க்கலாம். நம் அரசமைப்பில் யார் கையில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். தமிழ்நாட்டு வாசகரை மனத்தில் வைத்து, அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் பிரதிநிதிகளின் பட்டியலை எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் மக்களவைத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, உள்ளாட்சி வார்டு எண் மூன்றையும் எழுதுங்கள். எதிரே அந்தந்தப் பிரதிநிதியின் பெயர். மக்களவையில் 543 இடங்கள். அதில் தமிழ்நாட்டுக்கு 39. மாநிலங்களவையில் நமக்கு 18 பேர். அவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்பேரவையில் 234 தொகுதிகள். 1986 வரை இங்கே மேலவையும் இருந்தது. இப்போது ஒரே அவைதான்.

வாக்காளர் அட்டையில் சட்டமன்றத் தொகுதி இருக்கும், உள்ளாட்சி வார்டு எண் இருக்காது. அதற்குச் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தலையும் இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள். உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் இரண்டாவதுதான்.

படி 2: ஆட்சி எப்படி அமைகிறது, எப்படிக் கவிழ்கிறது

நாம் யாரும் பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ ஓட்டுப் போடுவதில்லை. நம் தொகுதிக்கு ஒருவரை அனுப்புகிறோம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பான்மையின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவர் ஆட்சி அமைக்கிறார். நாடாளுமன்ற ஜனநாயகத்தின் அடிப்படை இவ்வளவுதான். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. மாநிலத்தில் சட்டப்பேரவைக்குப் பொறுப்பு. அந்த ஆதரவு போன நாளில் ஆட்சியும் போகிறது.

இதன் கூர்மை 1999 ஏப்ரல் 17 அன்று தெரிந்தது. வாஜ்பாய் அரசு கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 ஓட்டு, எதிராக 270. ஒரே ஒரு ஓட்டில் நாட்டின் அரசு கவிழ்ந்தது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு பேரவையில் தன் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது, நிரூபித்தது. பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் வைத்து முடிவு செய்ய முடியாது, அவையில்தான் எண்ண வேண்டும் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி மாநில அரசுகளைக் கலைப்பது சுலபமாக இருந்தது. தமிழ்நாட்டிலேயே 1976, 1991 இரண்டு முறையும் தி.மு.க. அரசு அப்படிக் கலைக்கப்பட்டது.

ஆட்சியைப் பற்றி இன்னும் இரண்டு விதிகள் தெரிந்திருப்பது நல்லது. அமைச்சர்களின் எண்ணிக்கை அவையின் மொத்த இடங்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; தமிழ்நாட்டில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். அடுத்தது கட்சித் தாவல் தடைச் சட்டம், 1985இல் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவி போகலாம். ஆட்சிகள் நிலையாக இருக்க இது உதவியது, உண்மைதான். ஆனால் உங்கள் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ மனச்சாட்சிப்படி எதிர்த்து ஓட்டுப் போடும் வாய்ப்பும் இதனால் குறைந்துபோனது. எனவே ஒரு மசோதாவை மாற்ற விரும்புகிறவர்கள், அது ஓட்டெடுப்புக்கு வருவதற்கு முன்பே, கட்சித் தலைமையிடமும், மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவிடமும் பேச வேண்டும். ஓட்டெடுப்பு நாளில் பேசிப் பயனில்லை.

குடியரசுத் தலைவரும் ஆளுநரும் பெயரளவில் தலைவர்கள். பெரும்பாலான விஷயங்களில் அமைச்சரவை சொல்வதன்படிதான் அவர்கள் நடக்க வேண்டும். ஆனால் பேரவை நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் பெரிய சண்டையானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிறுத்தி வைக்கப்பட்ட 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது’ என்பதும் செல்லாது என்றது. அதே சமயம், காரணமே இல்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சொன்னது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் முடிவு ஒரு நியமனப் பதவியின் மேசையில் மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

படி 3: மூன்று பட்டியல்களைப் புரிந்துகொள்ளுங்கள்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்றாகப் பிரிக்கிறது.

மத்தியப் பட்டியல்: பாதுகாப்பு, வெளியுறவு, ரயில்வே, அஞ்சல், தேசிய நெடுஞ்சாலை, வருமான வரி, வங்கி, பாஸ்போர்ட்.

மாநிலப் பட்டியல்: காவல்துறை, பொதுச் சுகாதாரம், நிலம், விவசாயம், மதுவிலக்கு, உள்ளாட்சி.

பொதுப் பட்டியல்: கல்வி, காடு, மின்சாரம், தொழிலாளர் நலன், திருமணம், குற்றவியல் சட்டம். இதில் இருவருமே சட்டம் போடலாம். முரண்பாடு வந்தால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மூன்று பட்டியலிலும் இல்லாத புது விஷயம் எதுவானாலும் மத்திய அரசுக்கே.

கல்வியும் காடும் முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நீட் தேர்வு பற்றிய இத்தனை ஆண்டு வாதத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பொதுப் பட்டியலில் மாநிலத்துக்கு ஒரு வழி உண்டு. 254ஆவது பிரிவின்படி, மத்தியச் சட்டத்துக்கு மாறான ஒரு சட்டத்தைப் பேரவை நிறைவேற்றி, அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தால், அந்த மாநிலத்தில் அது செல்லும். இந்த வழியில் போன இரண்டு மசோதாக்களின் கதையும் நமக்குத் தெரிந்தவை. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் திரண்ட பிறகு, மத்தியச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தத்தைப் பேரவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்றது. நீட் விலக்கு மசோதாவும் அதே பாதையில்தான் போனது. 2021இல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் கிடைக்கவில்லை. பேரவை ஒரே குரலில் பேசினாலும் பொதுப் பட்டியல் விஷயத்தில் முடிவு டெல்லியில் நிற்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

படி 4: நமக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். தினசரி வாழ்க்கை தொடும் இடம் இதுதான், நாம் குறைவாகத் தெரிந்துவைத்திருப்பதும் இதைத்தான்.

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் எல்லாம் அப்போது வந்தவை. ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 துறைகளையும், நகர உள்ளாட்சிகளுக்கு 18 துறைகளையும் அட்டவணை போட்டுக் காட்டின. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. உள்ளாட்சி இன்றும் பலவீனமாக இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். மத்திய அரசிடம் மாநில உரிமை கேட்கும் எல்லாக் கட்சிகளும், தங்களிடம் இருக்கும் அதிகாரத்தைக் கீழே இறக்கும் நேரம் வரும்போது தயங்குகின்றன.

தமிழ்நாட்டில் கிராமப் பக்கம் மூன்று அடுக்கு: சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், சென்னை தவிர்த்த மாவட்டங்களில் மாவட்ட ஊராட்சி. கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்தக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; அங்கே கட்சிச் சின்னம் உண்டு. நகரப் பக்கம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மூன்று வகை. இவை ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவை அல்ல; ஊரின் அளவுக்கு ஏற்றவை. மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. இன்று 200 வார்டு. 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு.

கிராம ஊராட்சியின் இதயம் கிராம சபை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் நியமிக்கத் தேவையில்லை, யாரும் நீக்கவும் முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், பயனாளிகள் பட்டியல், வரவு செலவு எல்லாம் அங்கே வர வேண்டும். போகும்போது ‘படிவம் 30’ எங்கே என்று கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அது. கூட்டம் நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பத்துப் பேர் கேட்டால் அடுத்த கூட்டத்தில் தானாகவே பேனர் கட்டியிருக்கும்.

தீர்மானப் புத்தகத்தில் கூட்டம் முடிவதற்குள் தீர்மானம் எழுதப்படுகிறதா, கையெழுத்து வாங்கும் பக்கம் வெறும் தாளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகரத்தில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கின்றன. உங்கள் பகுதியில் அது கூடுகிறதா என்று கவுன்சிலரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நகரத்துக்காரர்கள் இதைக் கேட்கத் தொடங்காதவரை அது தாளிலேயே இருக்கும்.

படி 5: தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர், அதிகாரி ஒருவர்

ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ஜோடி இருக்கிறது. முடிவெடுப்பவர் ஒருவர், கோப்பை நகர்த்துபவர் ஒருவர். அமைச்சருக்குத் துறைச் செயலாளர். மேயருக்கு ஆணையர். ஒன்றியக் குழுத் தலைவருக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. ஊராட்சித் தலைவருக்கு ஊராட்சிச் செயலர். இருவருக்குமே மனு கொடுப்பது நல்லது.

மாநகராட்சியில் மன்றக் கூட்டத்தை நடத்துபவர் மேயர். நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. கிராம ஊராட்சியில் தலைவருக்கே நிர்வாக அதிகாரம் உண்டு. ஆனால் பணம் விடுவிக்கத் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். இருவரும் சண்டை போட்டால் ஊரில் குடிநீர் மோட்டார்கூடப் பழுது நீக்கப்படாமல் கிடக்கும். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி, விசாரணை நடத்தி, மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம்கூட அவருக்கு உண்டு. தவறு செய்யும் தலைவரைத் தட்டிக்கேட்க வழி வேண்டும்தான். ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர்களும் பெண் தலைவர்களும் ஏற்கெனவே ஊரில் எத்தனையோ தடைகளைத் தாண்டி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு எதிராக இந்தப் பிரிவு திருப்பப்படாமல் பார்த்துக்கொள்வது ஊராரின் கடமையும்கூட.

அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று: கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., ஊராட்சியின் ஊழியர் இல்லை. அவர் வருவாய்த் துறை. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று அது தனி வரிசை. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, புறம்போக்கு ஆக்கிரமிப்பு எல்லாம் அந்த வரிசையில். வீட்டு வரி, குழாய் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, தெருச் சாலை எல்லாம் ஊராட்சி. பத்திரம் பதிவது இன்னொரு துறை.

படி 6: பணம் எங்கிருந்து வருகிறது

ஓட்டலில் சாப்பிட்ட பில்லை எடுத்துப் பாருங்கள். 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்தால் அதில் 2.5 மத்திய அரசுக்கு, 2.5 மாநிலத்துக்கு. 2017 ஜூலை 1 முதல் இந்த முறை. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மத்திய அரசு ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதான விற்பனை வரி இன்னும் மாநிலத்திடம் இருக்கிறது.

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் ஒரு பங்கை மாநிலங்களுக்குப் பிரித்துத் தர நிதி ஆணையம் பரிந்துரைக்கிறது. 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம் சொன்னது 41 விழுக்காடு. அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 விழுக்காடு. செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலிப்பதை மத்திய அரசு பகிர வேண்டியதில்லை. மாநிலங்களின் மனக்குறை இங்கேதான்.

மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குத் தருகிறது. அதற்கு மேல் மத்திய நிதி ஆணைய மானியம். ஊராட்சிகளுக்கான அந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று 15ஆவது ஆணையம் கட்டுப்பாடு வைத்தது. ஊராட்சிக்கே சொந்தமான வருவாய் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை, சின்னத் தொகைதான். ஆனால் அதுதான் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம். வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டும் ஊரில் கேள்வியும் தைரியமாக எழும்.

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. இது அவர்கள் கையில் வரும் பணம் இல்லை. அவர்கள் வேலையைப் பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் செய்யும். பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை, சமுதாயக் கூடம் போன்ற நிரந்தரக் கட்டடங்களுக்கு இதைக் கேட்கலாம். மாதாமாதம் வரும் பராமரிப்புச் செலவுக்குக் கேட்டுப் பயனில்லை.

படி 7: உங்கள் பிரச்சினையைச் சரியான துறையோடு பொருத்துங்கள்

சாலை: பக்கத்தில் உள்ள மைல்கல்லின் தலைப்பகுதி நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கருப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மைல்கல்லே இல்லாத உள்தெரு ஊராட்சி அல்லது நகராட்சியுடையது. தேசிய நெடுஞ்சாலையிலும் சில பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தனிப் பிரிவு பராமரிக்கிறது. சுங்கச்சாவடி உள்ள நான்குவழிச் சாலைகள் பொதுவாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு.

ஏரி, குளம்: ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கருக்கு) மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணியும் குட்டையும் கிராம ஊராட்சி. கரையை ஆக்கிரமித்தால் அளந்து காட்ட வேண்டியது வருவாய்த் துறை. ஏரி தூர்வாருவது ஏன் இத்தனை தாமதமாகிறது என்று கேட்பவர்கள் முதலில் அந்த ஏரி யாருடையது என்று உறுதி செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

குடிநீர்: கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர்த் தொட்டி வரை தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம்; தொட்டியிலிருந்து வீட்டுக்கு விடுவது ஊராட்சி. தொட்டி நிரம்பவில்லையா, நிரம்பியும் உங்கள் தெருவுக்கு வரவில்லையா என்று முதலில் பாருங்கள். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, அடையாறும் கூவமும் நீர்வளத் துறையுடையது. ஐப்பசி மழையில் தெருவில் தேங்கும் தண்ணீரில் மூன்று துறைக்கும் பங்கு இருக்கலாம். சாக்கடை நாற்றம் இருக்கிறதா, வெறும் மழைநீரா என்று மனுவில் எழுதினால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ரேஷன்: 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்துடையது. அரிசி ஒதுக்கீடு மத்திய அரசு. எல்லா அட்டைக்கும் பொருள் தரும் கொள்கை தமிழ்நாட்டுடையது. கொண்டுவந்து சேர்ப்பது நுகர்பொருள் வாணிபக் கழகம். பெரும்பாலான கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கம். அட்டையில் பெயர் சேர்க்க, எடை குறைந்தால் புகார் சொல்ல, வட்ட வழங்கல் அலுவலரிடம் போங்கள்.

படி 8: கேட்கும் முறை

எப்போதும் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். இடம், தேதி, அளவு எழுதுங்கள். “எங்கள் பகுதியில் அடிப்படை வசதி இல்லை” என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. “மாரியம்மன் கோயில் தெருவில் கிழக்கிலிருந்து மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை” என்று எழுதினால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஊராட்சி அல்லது வார்டு அலுவலகம். பிறகு கிராம சபைத் தீர்மானம். நகராவிட்டால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். மாநிலத் துறைகளுக்கு 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண். மத்தியத் துறைகளுக்கு இணையத்தில் தனிக் குறைதீர் தளம் இருக்கிறது.

அதற்கும் நகராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், பதில் வராது. “இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல் தேவை” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது: விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போனால், சரியான அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். எந்தத் துறை என்று தெரியாமல் தவிக்கும்போது, அரசாங்கமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பிரச்சினை ஒரு தெருவுக்கானது இல்லை, கொள்கையே மாற வேண்டும் என்றால், அப்போதுதான் எம்.எல்.ஏ., எம்.பி. மார்ச் முதல் ஜூன் வரையான மாதங்களில் பேரவையில் துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம், வரும். அப்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலும் கிடைக்கும், இணையத்தில் இலவசம். உங்கள் துறையின் குறிப்பைப் படித்து, விவாத நாளுக்கு முன்பே ஒரே ஒரு பக்கத்தில் கேள்வி எழுதி எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். எம்.பி.யிடம் என்றால் கேள்வி நேரத்துக்கு 15 நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கொடுங்கள். அவையில் எழுத்து மூலமாக வரும் பதில் அரசாங்கத்தைக் கட்டிப்போடும் ஆவணம்.

கடைசியாக, உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவரே இல்லாத காலத்தைப் பற்றி. இது நமக்குப் புதிதல்ல. 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கால் நின்று, ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊராட்சித் தலைவரின் வேலையைச் செய்பவர் தனி அலுவலராகப் பொறுப்பேற்றவர். கிராம ஊராட்சியில் பொதுவாக பி.டி.ஓ. மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள். கிராம சபை அப்போதும் கூட வேண்டும், நீங்கள் அப்போதும் அதன் உறுப்பினர். அந்தக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக, எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் எப்போது என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தைக் கேட்டு எழுத வையுங்கள்.